தராசு மேசை நிரலை லினக்ஸிலிருந்து பிஎஸ்டி குடும்பத்துக்குக் கொண்டு செல்லல்: முனையமும் உள்ளீட்டுச் சாதனங்களும்

உப்புவெளி எழுதியது:

கொட்பே துறையில் படகுகள் கரைசேர்ந்ததும் மீனை நிறுத்து எழுதும் மேசை ஒன்றுக்காக, சி மொழியில் அமைந்த ஒரு நிரலைப் பேணி வருகிறேன். அது மூன்று வேலைகளைச் செய்கிறது. மின்னணுத் தராசு சீரியல் கேபிள் வழியாக அனுப்பும் எடையை வாசிக்கிறது. நிறுப்பவர் கையில் இருக்கும் யூஎஸ்பி எண்பலகையை, எழுதுபவரின் சாவிப்பலகையோடு கலந்துவிடாமல் தனியாக வாசிக்கிறது. முனையத் திரையில் படகின் பெயர், மீன் வகை, எடை ஆகியவற்றைக் காட்டி, அங்கேயே திருத்த விடுகிறது. லினக்ஸில் இது குறையின்றி ஓடுகிறது. இப்போது வேறு இரண்டு மேசைகளுக்குக் கிடைத்துள்ள கணினிகளில் ஒன்றில் யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி குடும்பத்தின் பிரீபிஎஸ்டியும் மற்றதில் அதே குடும்பத்தின் ஓப்பன்பிஎஸ்டியும் நிறுவப்பட்டுள்ளன. அவற்றைப் பராமரிப்பவர் அந்தப் பணிசெயல் முறைமைகளையே வைத்திருக்க விரும்புகிறார். அதற்கு அவரிடம் நல்ல காரணங்களும் உள்ளன. ஆகவே நிரலைத்தான் மாற்ற வேண்டும்.

நான் காணும் சிக்கல்கள் இவை. பிரீபிஎஸ்டியில் தராசின் சாதனக் கோப்பைத் திறக்கும் இடத்திலேயே நிரல் நின்றுவிடுகிறது. வழுச் செய்தியும் வருவதில்லை. ஓப்பன்பிஎஸ்டியில் சாதனம் திறக்கிறது, ஆனால் வேகத்தை அமைக்கும் அழைப்பு தோல்வியடைகிறது. எங்கள் அமைப்புக் கோப்பில் வேகம் 13 என்று எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸில் அது வேலை செய்கிறது. எண்பலகையை லினக்ஸின் உள்ளீட்டு இடைமுகமான ஈவ்டெவ் வழியாக வாசிக்கும் பகுதி ஓப்பன்பிஎஸ்டியில் தொகுக்கவே முடியவில்லை. கடைசியாக, தமிழில் தட்டிய மீன் பெயரைப் பின்னழிப்புச் சாவியால் திருத்தினால், ஓப்பன்பிஎஸ்டியில் எழுத்தின் ஒரு துண்டு கோப்பில் தங்கிவிடுகிறது.

ஒவ்வோர் இடத்திலும் பணிசெயல் முறைமையின் பெயரைச் சோதித்து, வேறு வேறு வரிகளை எழுதிக்கொண்டு போவதா, அல்லது இதற்கு ஒழுங்கான முறை ஏதும் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

மூதூர் எழுதியது:

திரைப் பகுதிக்கு என்கர்சஸ், சாதனப் பகுதிக்கு லிப்இன்புட் ஆகிய இரண்டு லைப்ரரிகளையும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலான வேறுபாடுகள் மறைந்துவிடும் என்பது என் கருத்து. பிறர் பல ஆண்டுகளாகச் செப்பனிட்ட வேலையை நாம் மீண்டும் செய்யத் தேவையில்லை.

உவர்மலை எழுதியது:

மூதூர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். திரைக்கு என்கர்சஸ் போதும். ஆனால் லிப்இன்புட் லினக்ஸின் ஈவ்டெவ், சாதனங்களைக் கண்டறியும் யூடெவ் ஆகிய இரண்டின் மேல் கட்டப்பட்டது. பிரீபிஎஸ்டியில் அது ஓடுவதற்கே, யூடெவ் போல நடந்துகொள்ளும் தனி லைப்ரரி ஒன்று இடையில் தேவைப்படுகிறது. மேலும் அது வரைகலைத் திரைகளுக்குச் சுட்டியையும் தொடுபலகையையும் சீராக்கித் தருவதற்காக எழுதப்பட்டது. ஓர் எண்பலகையிலிருந்து பத்து இலக்கங்களை வாசிப்பதற்கு அவ்வளவு பெரிய சார்பை ஏற்றுக்கொள்வது பொருத்தமில்லை. தராசின் சீரியல் இணைப்புக்கோ அந்த இரண்டில் எதுவும் உதவாது.

தம்பி, உங்கள் சிக்கல்களை முதலில் அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முனையத்தையும் சீரியல் இணைப்பையும் அமைக்கும் டெர்மியோஸ் என்ற இடைமுகம், யூனிக்ஸ் வகை முறைமைகளுக்குப் பொதுவான பொசிக்ஸ் தரத்தில் 1988 ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. அதற்கு முன் பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலும் பெர்க்லி வழியிலும் ஒரு முறையும், சிஸ்டம் 5 வழியில் டெர்மியோ என்ற இன்னொரு முறையும் இருந்தன. இரண்டு தரப்பும் ஏற்கக்கூடிய ஒன்றை ஆக்கும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த முறைமைகளை உடைக்காமல் இருப்பதற்காகத் தரம் பல இடங்களில் வேண்டுமென்றே இடம்விட்டிருக்கிறது. உங்கள் நிரல் சிக்குவது அந்த இடங்களில்தான். எனவே டெர்மியோஸ் எங்கும் ஒன்றே என்பது அழைப்புகளின் பெயர்களுக்கு மட்டுமே பொருந்தும். மாறிலிகளின் மதிப்புக்கோ தொடக்க நிலைக்கோ பொருந்தாது.

அந்த 13 என்ற எண் இதற்கு நேரான எடுத்துக்காட்டு. லினக்ஸ் கெர்னலில் (முறைமையின் மையப் பகுதியில்) 9600 என்ற வேகத்தைக் குறிக்கும் மாறிலியின் மதிப்பு 13. அது வெறும் வரிசை எண். பழைய யூனிக்ஸ் முறைமைகளில் வேகங்களை அட்டவணையிட்ட முறையின் எச்சம். பிஎஸ்டி குடும்பத்திலும் மேக் ஓஎஸ்ஸிலும் அதே மாறிலியின் மதிப்பு 9600 தான். எனவே உங்கள் அமைப்புக் கோப்பு ஓப்பன்பிஎஸ்டியிடம் நொடிக்கு 13 பிட் வேகத்தைக் கேட்கிறது, அது மறுக்கிறது. கோப்பில் 9600 என்றே எழுதுங்கள். நிரலுக்குள் ஓர் அட்டவணை வைத்து அந்த எண்ணை மாறிலியாக மாற்றுங்கள். எண்ணை அப்படியே அமைப்பு அழைப்புக்குக் கொடுத்தால் பிஎஸ்டியில் ஓடும், லினக்ஸில் எல்லா லைப்ரரிப் பதிப்புகளிலும் ஓடும் என்ற உறுதியில்லை. அது அதே பிழையின் மறுபக்கம்.

வேகத்தை அமைத்த பின் இன்னொன்றையும் செய்ய வேண்டும். முனைய நிலையை அமைக்கும் டிசிசெட்ஆட்டர் என்ற அழைப்பு, கேட்ட மாற்றங்களில் ஏதேனும் ஒன்று நிறைவேறினாலும் வெற்றி என்றே திரும்பத் தரம் அனுமதிக்கிறது. வேகம் மாறாமல், பிழை காட்டும் சமநிலை பிட் மட்டும் மாறியிருந்தாலும் உங்களுக்கு வெற்றி என்று பொருள்படும் சுழியம்தான் கிடைக்கும். ஆகவே உடனே டிசிகெட்ஆட்டர் மூலம் நிலையைத் திரும்ப வாசித்து, கேட்டதும் கிடைத்ததும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். எடையைப் பணமாக மாற்றும் இடத்தில் இந்தச் சோதனையை விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியாது. தவறான வேகத்தில் வரும் பைட்டுகள் சில வேளைகளில் இலக்கங்கள் போலவே தோன்றக்கூடும். அதனால் நட்டப்படுபவர் இரவெல்லாம் கடலில் நின்று வந்தவர்.

கிண்ணியா எழுதியது:

சாதனத்தைத் திறக்கும் இடத்தில் நிற்பதற்கான காரணத்தை நான் சொல்கிறேன். எங்கள் பக்கத்திலும் இதே வகைத் தராசு உண்டு.

பிஎஸ்டி முறைமைகளில் ஒரே சீரியல் வாயிலுக்கு இரண்டு சாதனக் கோப்புகள் இருக்கின்றன. டிடிவை என்று தொடங்குவது, வெளியிலிருந்து மோடம் வழியாக அழைப்பு வருவதற்குக் காத்திருக்கும் பக்கம். சியுஏ என்று தொடங்குவது, நாம் வெளியே அழைக்கும் பக்கம். முதலாவதைத் திறந்தால், மறுமுனையில் கேரியர் இருக்கிறது (இணைப்பு உயிரோடு உள்ளது) என்ற மின் சைகை வரும்வரை கெர்னல் உங்களைக் காக்க வைக்கும். உங்கள் தராசின் கேபிளில் அனுப்புதல், பெறுதல், தரை என மூன்று கம்பிகள் மட்டுமே இருக்கும் என நினைக்கிறேன். அப்படியானால் அந்தச் சைகை ஒருநாளும் வராது. பிரீபிஎஸ்டியில் யூஎஸ்பி மாற்றிக்கு /டெவ்/டிடிவையூ0 இற்குப் பதிலாக /டெவ்/சியுஏயூ0 என்பதைத் திறவுங்கள். ஓப்பன்பிஎஸ்டியிலும் சியுஏயூ0 என்றே பெயர். நெட்பிஎஸ்டியில் அந்தப் பக்கம் tty என்பதன் இடத்தில் dty என்று தொடங்கும் பெயரில் இருக்கும். மேக் ஓஎஸ்ஸில் சியு என்று தொடங்கும். ஆகவே பெயரை நிரலுக்குள் எழுதாமல் அமைப்புக் கோப்பில் வைப்பதே நல்லது.

திறக்கும்போது காத்திராமல் திறக்கும் கொடியையும் (ஆம் அல்லது இல்லை என்ற அமைப்பு) சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன் சி-லோக்கல் கொடியை அமைத்துவிட்டு, காத்திராத நிலையை நீக்குங்கள். அந்தக் கொடி இருந்தால் மோடம் சைகைகளைக் கெர்னல் பொருட்படுத்தாது. லினக்ஸில் உங்கள் நிரல் ஓடியதற்குக் காரணம், வாயில் திறக்கப்படும்போதே அந்தக் கொடி அமைந்திருந்தது என்பதுதான். நிரல் அதைக் கேட்டதில்லை.

அனுமதி பற்றியும் ஒரு சொல். டெபியன் லினக்ஸில் சீரியல் சாதனங்கள் டயல்அவுட் குழுவுக்கு உரியவை. பிரீபிஎஸ்டியிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் அந்த வேலைக்கு டயலர் என்ற குழு இருக்கிறது. நிரலை ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள பயனராக) ஓட்ட வேண்டாம்.

கோணேசபுரி எழுதியது:

உவர்மலை அண்ணா சொன்ன தொடக்க நிலை பற்றிய கருத்துக்கு இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. இந்த நிரலின் திரைப் பகுதியை, சோலாரிஸ் வழிவந்த இலுமோஸ் கெர்னலில் ஓடும் ஓப்பன்இண்டியானாவில் தொகுத்துப் பார்த்தேன். சாவியைத் தட்டினால் எதுவும் நடப்பதில்லை. நான்காவது சாவியைத் தட்டியதும் நான்கும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

காரணம் இது. வரி வரியாக வாசிக்கும் முறையை அணைத்துவிட்டால், எத்தனை பைட்டுகள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை வி-மின் என்ற இடமும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பத்தில் ஒரு நொடி அலகில் வி-டைம் என்ற இடமும் தீர்மானிக்கின்றன. கோப்பு முடிவைக் குறிக்கும் எழுத்தை வைத்திருக்கும் இடத்தையே வி-மின்னுக்கும் பயன்படுத்தலாம் என்று பொசிக்ஸ் அனுமதிக்கிறது. சோலாரிஸ் வழி வந்தவை அவ்வாறே செய்கின்றன. கோப்பு முடிவின் வழக்கமான எழுத்து கன்ட்ரோல்-டி. அதன் எண் மதிப்பு 4. வரி முறையை மட்டும் அணைத்துவிட்டு வி-மின்னை அமைக்காமல் விட்டால், அந்த 4 தான் காத்திருக்க வேண்டிய பைட்டுகளின் எண்ணிக்கையாகிவிடுகிறது. லினக்ஸின் பெரும்பாலான கட்டமைப்புகளிலும் பிஎஸ்டியிலும் இரண்டுக்கும் தனித்தனி இடங்கள் இருப்பதாலும், வி-மின்னின் தொடக்க மதிப்பு 1 ஆக இருப்பதாலும் இந்தக் குறை அங்கே வெளிப்படுவதில்லை. ஸ்பார்க் செயலிக்கான லினக்ஸில் இது வெளிப்படும்.

இதன் மறுதலையும் உண்டு. வெளியேறும்போது பழைய நிலையை முழுவதுமாக மீட்காமல் வரி முறைக் கொடியை மட்டும் திருப்பிப் போட்டால், நீங்கள் வி-மின்னில் எழுதிய 1 கோப்பு முடிவு எழுத்தாக மாறிவிடும். அதன் பின் அந்த முனையத்தில் கன்ட்ரோல்-ஏ தட்டினால் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) மூடிக்கொள்ளும். எனவே தொடக்கத்தில் வாசித்த கட்டமைப்பை அப்படியே சேமித்து வைத்து, அதையே திரும்பக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு குறிப்பு: உங்கள் நிரலில் கோப்பின் தலையில் பொசிக்ஸ் மட்டும் வேண்டும் என்ற முன்வரையறை ஒன்று இருக்கிறது. பிஎஸ்டியில் அதை வைத்தால், தரத்தில் இல்லாத சிஎஃப்மேக்ரா (முனையத்தை மூல நிலைக்கு மாற்றும் அழைப்பு) போன்றவற்றை, அழைப்புகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் மறைத்துவிடும். அதை எடுத்துவிடுங்கள், அல்லது அந்த அழைப்பு செய்யும் வேலையை நீங்களே ஒவ்வொரு கொடியாக எழுதுங்கள். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். எதை அணைத்தோம், எதை விட்டோம் என்பது வாசிப்பவருக்குத் தெரியும். திரையின் அளவைக் கேட்கும் அழைப்பு 2024 ஆம் ஆண்டின் பொசிக்ஸில்தான் டிசிகெட்வின்சைஸ் என்ற பெயரில் இடம்பெற்றது. அது எல்லா இடங்களுக்கும் வந்துசேரும் வரை பழைய ஐஓசிடிஎல் (சாதனத்துக்கு நேரே கட்டளையிடும் அழைப்பு) வழியையும் வைத்திருக்க வேண்டும்.

உப்புவெளி எழுதியது:

கிண்ணியா நானா சொன்னபடி சியுஏ சாதனத்துக்கு மாற்றியதும் தராசு உடனே பேசத் தொடங்கியது. கேபிளில் மூன்று கம்பிகள்தான் இருக்கின்றன. கோணேசபுரி அக்கா சொன்ன இரண்டு இடங்களையும் வெளிப்படையாக அமைத்துவிட்டேன்.

ஒரு கேள்வி. தராசிலிருந்து வரும் வரியை வாசிக்க வி-டைம்மையும், காத்திராமல் வாசிக்கும் கொடியையும் ஒன்றாகப் பயன்படுத்தலாமா?

உவர்மலை எழுதியது:

வேண்டாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் எது மேலோங்கும் என்பதைத் தரம் தீர்மானிக்காமல் விட்டிருக்கிறது. ஒரு முறைமையில் உடனே திரும்பும், மற்றதில் காத்திருக்கும். போல் (poll) அல்லது செலக்ட் (select) அழைப்பால் நேர வரம்பு வைத்துக் காத்திருங்கள். வி-மின்னை 1 ஆகவும் வி-டைம்மைச் சுழியமாகவும் விடுங்கள். மேக் ஓஎஸ்ஸில் முனையச் சாதனங்கள் மீது போல் (poll) அழைப்பு சரியாக வேலை செய்யாத வரலாறு உண்டு. அங்கும் ஓட வேண்டுமென்றால் செலக்ட் நல்லது. காத்திராத கொடிக்கு இன்னொரு கேடும் உண்டு: அது திறந்த கோப்புக்கு உரியது, உங்கள் விவரிப்பிக்கு (அந்தக் கோப்பைக் குறிக்க நிரல் வைத்திருக்கும் எண்ணுக்கு) மட்டும் உரியதன்று. நிலையான உள்ளீட்டில் அதை அமைத்தால், அதே முனையத்தைப் பகிரும் நிலையான வெளியீடும் ஷெல்லும் அந்த நிலைக்குப் போய்விடும்; நீண்ட திரையை எழுதும்போது பாதியில் வெட்டுப்படும்.

இனி எண்பலகைக்கு வருகிறேன். டெர்மியோஸுக்கு ஒரு தரமாவது இருக்கிறது. உள்ளீட்டுச் சாதனங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. லினக்ஸில் ஈவ்டெவ். பிரீபிஎஸ்டி அதே ஈவ்டெவ் இடைமுகத்தைத் தன் கெர்னலில் அமைத்துக்கொண்டது. தலைப்புக் கோப்பின் இடம் மட்டும் வேறு. ஆகவே உங்கள் நிரலின் அந்தப் பகுதி சிறு மாற்றத்தோடு அங்கே ஓடும். நெட்பிஎஸ்டியும் ஓப்பன்பிஎஸ்டியும் டபிள்யூஎஸ்கான்ஸ் என்ற முற்றிலும் வேறான அமைப்பை வைத்திருக்கின்றன. சோலாரிஸ் வழியில் ஃபர்ம் ஈவெண்ட் என்ற இன்னொன்று இருக்கிறது.

வேறுபாடு தலைப்புக் கோப்பின் பெயரில் மட்டும் இருந்திருந்தால் கவலையில்லை. பொருளிலேயே வேறுபாடு இருக்கிறது. ஈவ்டெவ்வில் எந்தச் சாவிப்பலகையைச் செருகினாலும் சாவி எண்கள் ஒன்றே: எண்பலகையின் 1 என்ற சாவிக்கு 79. கெர்னலே மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறது. டபிள்யூஎஸ்கான்ஸில் வருவது அந்த வகைச் சாவிப்பலகையின் சொந்த எண். யூஎஸ்பி எண்பலகையானால், அத்தகைய உள்ளீட்டுச் சாதனங்களுக்கான ஹெச்ஐடி தரத்தின் எண், அதாவது அதே சாவிக்கு 89. பழைய பிஎஸ்/2 பலகையானால் வேறு. எனவே முதலில் சாவிப்பலகையின் வகையைக் கேட்கும் ஐஓசிடிஎல் மூலம் வகையை அறிந்து, அதற்குரிய அட்டவணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிகழ்வின் கட்டமைப்பும் வேறு. ஈவ்டெவ்வில் நேரம் முன்னால், பிறகு வகை, குறியீடு, மதிப்பு. டபிள்யூஎஸ்கான்ஸில் வகை முன்னால், பிறகு மதிப்பு, கடைசியில் நேரம். சாவி அமுங்கியதா எழுந்ததா என்பதே அங்கு வகையாகிறது. ஈவ்டெவ்வில் ஒரு தொகுதி நிகழ்வுகளின் முடிவை அறிவிக்கும் தனி நிகழ்வும், வரிசை நிரம்பிச் சில நிகழ்வுகள் தவறிவிட்டன என்று அறிவிக்கும் நிகழ்வும் உண்டு. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. அது வந்தால், அமுங்கியிருப்பதாக நீங்கள் நினைக்கும் சாவி உண்மையில் எழுந்திருக்கலாம். கெர்னலிடம் தற்போதைய நிலையைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நிரலின் மற்றப் பகுதிகளுக்கு இவை எதுவும் தெரியக் கூடாது. இலக்கம், அழி, உறுதி என்ற மூன்று வகைச் செய்திகளை மட்டும் தரும் சிறு இடைமுகம் ஒன்றை வரையறுங்கள். அதற்குக் கீழே ஈவ்டெவ்வுக்கு ஒரு கோப்பு, டபிள்யூஎஸ்கான்ஸுக்கு ஒரு கோப்பு. எந்தக் கோப்பைத் தொகுப்பது என்பதைத் தொகுக்கும் முன் உரிய தலைப்புக் கோப்பு இருக்கிறதா என்று சோதித்து முடிவு செய்யுங்கள். முறைமையின் பெயரைக் கேட்காதீர்கள். லினக்ஸ் என்றால் ஈவ்டெவ் என்று எழுதியிருந்தால் பிரீபிஎஸ்டி அதே இடைமுகத்தைப் பெற்றபோது உங்கள் நிரலுக்கு அது தெரிந்திருக்காது.

மூதூர் எழுதியது:

லிப்இன்புட் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எண்பலகையைத் தனியே பிரித்தெடுப்பது எப்படி? லினக்ஸில் ஈவ்டெவ்வின் பற்றிக்கொள்ளும் ஐஓசிடிஎல் இருக்கிறது. அது இல்லாவிட்டால் நிறுப்பவர் தட்டும் இலக்கங்கள் எழுதுபவரின் திரையிலும் விழும்.

உவர்மலை எழுதியது:

சரியான கேள்வி. இங்கே மூன்று முறைமைகளும் மூன்று வழிகளில் போகின்றன. பிஎஸ்டி முறைமைகளில் எல்லாச் சாவிப்பலகைகளும் ஒரு மக்ஸில் சேர்க்கப்பட்டு, ஒரே பலகைபோல முனையத்துக்கு வந்து சேர்கின்றன. பிரீபிஎஸ்டியில் கேபிடிகன்ட்ரோல் கட்டளையால் குறித்த ஒரு பலகையை மக்ஸிலிருந்து நீக்கலாம். டபிள்யூஎஸ்கான்ஸில், அந்தப் பலகையின் சொந்தச் சாதனக் கோப்பை வாசிப்பதற்காகத் திறக்கும்போது கெர்னல் அதை மக்ஸிலிருந்து பிரித்துத் தருகிறது. எழுதுவதற்கு மட்டும் திறந்தால் ஐஓசிடிஎல் அழைப்புகளைத் தவிர எதுவும் கிடைக்காது. ஓப்பன்பிஎஸ்டியில் பிளெட்ஜ் (நிரல் தன் உரிமைகளைத் தானே சுருக்கிக்கொள்ளும் அழைப்பு) பயன்படுத்துவதாக இருந்தால், இந்தச் சாதனங்களையெல்லாம் திறந்து தேவையான கேள்விகளைக் கேட்ட பின்னரே உறுதிமொழியைச் சுருக்குங்கள்.

சாவியை அழுத்திப் பிடித்திருக்கும்போது லினக்ஸ் 2 என்ற மதிப்போடு மீண்டும் மீண்டும் நிகழ்வை அனுப்புகிறது. எடையில் 5 என்ற இலக்கம் மும்முறை விழுவதற்கு அது போதும். மற்ற முறைமைகளில் இது எப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து எழுதாமல், எந்தச் சாவி அமுங்கியிருக்கிறது என்ற பட்டியலை நீங்களே வைத்திருங்கள். ஏற்கெனவே அமுங்கியிருக்கும் சாவிக்கு வரும் இரண்டாவது அமுக்கத்தைப் புறக்கணியுங்கள்.

முனையத்தின் மூலச் சாவி முறையை மாற்றி இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அந்த நிலையில் நிரல் இறந்தால் சாவிப்பலகையே செயலிழந்ததுபோல் ஆகிவிடும். கன்ட்ரோல்-சி கூட வேலை செய்யாது. கடற்கரையில் விடிகாலை மூன்று மணிக்கு அதை மீட்பதற்கு ஆள் கிடைக்க மாட்டார்.

சீனன்குடா எழுதியது:

தமிழ்ப் பின்னழிப்பு பற்றி யாரும் எழுதவில்லை, நான் தொடங்குகிறேன்.

வரி முறையில் பின்னழிப்பைச் செய்வது உங்கள் நிரலோ ஷெல்லோ அன்று, கெர்னலே செய்கிறது. யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். லினக்ஸிலும் மேக் ஓஎஸ்ஸிலும் ஐயூடிஎஃப்8 என்ற கொடி இருக்கிறது. அது அமைந்திருந்தால் கெர்னல் மூன்று பைட்டுகளையும் சேர்த்து அழிக்கும். அந்தக் கொடி பொசிக்ஸில் இல்லை, ஓப்பன்பிஎஸ்டியிலும் இல்லை. அங்கே ஒரு தடவை அழித்தால் ஒரு பைட்டு மட்டும் போகும். மீதி இரண்டு பைட்டுகள் பொருளற்ற துண்டாகக் கோப்பில் தங்கும். உப்புவெளி கண்டது அதைத்தான். எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினிக்குள் போகும்போதும் இந்தக் கொடி கடந்து செல்ல வேண்டும். அதற்கான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8160 வெளிவந்தது 2017 இல்தான்.

கொடி இருந்தாலும் நமக்கு அது போதாது. ‘கீரி’ என்று தட்டி ஒருமுறை அழித்தால் ‘கீர’ எஞ்சும்; ஏனென்றால் கெர்னல் அழிப்பது ஒரு குறியீட்டை, ஓர் எழுத்தையன்று. எழுதுபவர் ஓர் எழுத்து போனதாக எண்ணி மேலே தட்டிக்கொண்டு போவார்.

கோணேசபுரி எழுதியது:

சீனன்குடா சொன்னதோடு அகலத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு குறியீடு திரையில் எத்தனை நெடுவரிசைகளை எடுக்கும் என்பதைச் சொல்லும் டபிள்யூசிவிட்த் என்ற செயற்பாட்டை ஒவ்வொரு முறைமையின் சி லைப்ரரியும் தன் அட்டவணையைக் கொண்டு எழுதியிருக்கிறது. மார்க்குஸ் கூன் எழுதிய, பலரும் எடுத்தாண்ட நிரலின் வழியில், இடம் எடுக்காத இணைகுறிகளுக்குச் சுழியமும் மற்றவற்றுக்கு ஒன்றும் கிடைக்கும். யூனிகோட் வகைப்பாட்டில் தமிழின் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் எடுக்காதவை. இகரக் குறியும் ஆகாரக் குறியும் இடம் எடுப்பவை. அந்த வழியில் ‘கீரி’ மூன்று நெடுவரிசைகள், ‘பாரை’ நான்கு. இரண்டும் கண்ணுக்கு ஈரெழுத்துச் சொற்கள். முனைய மென்பொருள் வேறோர் அட்டவணையை வைத்திருந்தால் எடையின் நெடுவரிசையும் பெயரின் நெடுவரிசையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். இது பணிசெயல் முறைமையின் வேறுபாடு போலத் தோன்றினாலும், நிரலும் முனையமும் வெவ்வேறு அட்டவணைகளை நம்புவதால் வருவது.

நான் பரிந்துரைப்பது இரண்டு. பெயரை எழுதும் கட்டத்தில் வரி முறையை அணைத்து, திருத்தத்தை நிரலே செய்யட்டும்: மெய்யையும் அதைத் தொடரும் குறியையும் ஓர் அலகாகக் கொண்டு, அழிக்கும்போது அலகு முழுவதையும் அழிக்கட்டும். அடுத்து, பெயரை எழுதிய பின் எடையின் இடத்துக்குப் போகும்போது இடைவெளிகளை எண்ணி நிரப்பாமல், வரிசையும் நெடுவரிசையும் குறித்து நேரே தாவச் சொல்லும் எஸ்கேப் தொடரை (முனையத்துக்குக் கட்டளையாகும் எழுத்துத் தொடர்) பயன்படுத்துங்கள். அப்போது அட்டவணைகள் முரண்பட்டாலும் எடை தன் இடத்தில்தான் விழும். பெயரின் உண்மையான அகலம் கட்டாயம் தேவைப்பட்டால், முனையத்திடமே கர்சர் நிற்கும் இடத்தைக் கேட்கலாம். அது விடையாக அனுப்பும் தொடரைத் தட்டிய எழுத்துகளோடு கலக்காமல் பிரிக்க வேண்டும்.

வெறும் கன்சோலில் இதை முயல வேண்டாம். லினக்ஸ் கன்சோலின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை. கன்சோல்களில் தமிழைக் கோத்துக் காட்டும் வசதியும் இல்லை. வரைகலைத் திரையில் ஒரு முனைய மென்பொருள் தேவை.

கிண்ணியா எழுதியது:

சோதிக்கும் வழி பற்றி ஒரு யோசனை. ஒவ்வொரு முறையும் துறைக்குப் போய்த் தராசை இணைக்கத் தேவையில்லை. பொசிக்ஸ்_ஓப்பன்பிடி மூலம் போலி முனைய இணை ஒன்றைத் திறந்து, ஒரு முனையில் தராசுபோல் எழுதும் சிறு நிரலையும் மறுமுனையில் உங்கள் நிரலையும் வையுங்கள். மறுமுனை மூடப்பட்ட பின் வாசித்தால் லினக்ஸில் உள்ளீட்டு வழு என்று வரும். பிஎஸ்டியில் கோப்பு முடிந்தது என்று சுழியம் வரும். இரண்டையும் முடிவு என்றே கொள்ள வேண்டும். போலி முனையத்தில் கேரியர் சைகையும் இல்லை, உண்மையான வேகமும் இல்லை. ஆகவே அந்த இரண்டையும் உண்மையான கேபிளில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

உப்புவெளி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எண்பலகைக்குரிய இரண்டு கோப்புகளையும் பிரித்து எழுதிவிட்டேன். ஓப்பன்பிஎஸ்டியில் எண்பலகையின் 1 என்ற சாவிக்கு 89 தான் வருகிறது. பெயர்த் திருத்தமும் அலகு அலகாக நடக்கிறது. கிண்ணியா நானா சொன்ன போலி முனையச் சோதனை மூன்று முறைமைகளிலும் ஓடுகிறது.

எழுதுபவர் சில வேளை கன்ட்ரோல்-இசட் தட்டி ஷெல்லுக்குப் போய்த் திரும்பி வருகிறார். திரும்பும்போது லினக்ஸில் திரை சரியாக இருக்கிறது; பிரீபிஎஸ்டியில் வரி முறையிலேயே நிற்கிறது. இதற்கு என்ன செய்வது?

உவர்மலை எழுதியது:

லினக்ஸில் சரியாக இருப்பது அங்குள்ள ஷெல்லின் தயவால் இருக்கலாம். சில ஷெல்கள் பணியை மீட்கும்போது முனைய நிலையையும் மீட்டுத் தருகின்றன, சில தருவதில்லை. இரண்டு கணினிகளிலும் ஒரே ஷெல் இருக்கிறதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் அதை நம்பி எழுத வேண்டாம்.

கன்ட்ரோல்-இசட் தட்டும்போது வரும் நிறுத்தும் சமிக்ஞைக்கான கையாளியில் (அது வந்ததும் ஓடும் பகுதியில்) முதலில் பழைய முனைய நிலையை மீட்டு, திரையின் மாற்றுப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதன் பின் அந்தச் சமிக்ஞையின் இயல்பான செயலைத் திரும்ப அமைத்து, தனக்குத்தானே அதை அனுப்பிக்கொள்ள வேண்டும். தொடரும் சமிக்ஞை வந்ததும் உங்கள் நிலையை மீண்டும் அமைத்து, திரையின் அளவைப் புதிதாகக் கேட்டு, முழுத் திரையையும் வரைய வேண்டும். நீங்கள் வெளியே இருந்த நேரத்தில் சன்னலின் அளவு மாறியிருக்கலாம். கையாளிகளைச் சிக்ஆக்‌ஷன் மூலமே அமையுங்கள். பழைய சிக்னல் அழைப்பு, சமிக்ஞையால் இடைமறிக்கப்பட்ட வாசிப்பை ஒரு முறைமையில் தானே தொடரும், மற்றதில் வழுவோடு திரும்பும். நிலையை மீண்டும் அமைக்கும் முன், உங்கள் நிரல் முன்னணியில் இருக்கிறதா என்று டிசிகெட்பிஜிஆர்பி மூலம் பாருங்கள். ஷெல் அதைப் பின்னணியில் தொடர விட்டிருந்தால், டிசிசெட்ஆட்டர் அழைத்தவுடன் கெர்னல் சிக்டிடிஓயூ என்ற சமிக்ஞையை அனுப்பி நிரலை மறுபடியும் நிறுத்திவிடும். தராசை வாசிக்கும் பகுதியும் அதோடு நின்றுபோகும்.

உப்புவெளி எழுதியது:

பார்த்தேன், அண்ணா. லினக்ஸ் மேசையில் பாஷ், பிரீபிஎஸ்டியில் அதன் இயல்பான ஷெல். தராசை வாசிக்கும் பகுதியை முனையம் இல்லாத தனிச் செயல்முறையாகப் பிரித்து, திரை நிரலோடு ஒரு சாக்கெட் வழியாகப் பேச விடுகிறேன். அப்போது திரை நின்றாலும் எடை தொடர்ந்து பதிவாகும்.